பெயர் கேட்ட நாள்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால், நாள்தோறும் நாம் கூடி உழைக்கும் இடத்தில் அருகில் நிற்பவரின் பெயரையாவது அறிந்திருக்கிறோமா? இக்கேள்வி எங்கள் உள்ளத்தில் எழுந்தது ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில்.

நாங்கள் அங்கே செவிலியராகப் பணியாற்றினோம். அன்று மாலை ஒரு தாய்க்கு வயிற்றில் அறுவை நடந்தது. குருதியை ஒற்றியெடுக்கும் துணிகளை அறுவைக்கு முன்னும், வயிற்றை மூடுமுன்னும் எண்ணிப் பார்ப்பது எங்கள் கடமை. தொடக்கத்தில் 20 துணிகளை எண்ணி வைத்தோம். முடிவில் 19 மட்டுமே இருந்தன. மருத்துவரோ தையலிடத் தொடங்கிவிட்டார். அவருடைய சினத்தை நாங்கள் நன்கு அறிவோம். "முதலில் எண்ணியது தவறாக இருக்கும்" என்று மூத்த செவிலியர் ஒருவர் முணுமுணுத்தார். நாங்களும் வாய் திறக்கவில்லை.

பணிக்கு வந்து மூன்று மாதங்களே ஆகியிருந்த ஓர் இளம்பெண் மட்டும், "டாக்டர், ஒரு துணி குறைகிறது" என்றார். மருத்துவர் நிமிர்ந்து முறைத்தார். அப்பெண் குரல் நடுங்க மீண்டும் அதையே சொன்னார். மருத்துவரின் கை நின்றது. இட்ட தையலைப் பிரித்துத் தேடினார். குடலின் மறைவில் துணி கிடந்தது.

"உன் பெயர் என்னம்மா?" என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது: இத்தனை நாளும் 'புதுப் பெண்' என்றே நாங்களும் அவரை அழைத்து வந்தோம். குறைவு எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லும் துணிவு ஒருவருக்கே இருந்தது. அந்தத் தாய் நலமாக வீடு திரும்பினார். அந்நாள் முதல் அம்மருத்துவர், கத்தியை எடுக்குமுன் எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்" என்பார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-ஆம் ஆண்டு அறுவைப் பாதுகாப்புக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. தோலைக் கீறுமுன் குழுவினர் யாவரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பதும், இறுதியில் துணிகளையும் ஊசிகளையும் எண்ணவேண்டும் என்பதும் அதில் அடங்கும். புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதனைக் கையாண்டு பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்திருந்தது. பெயர் சொன்னதாலேயே உயிர்கள் பிழைத்தன என்று நாங்கள் கூறவில்லை. பட்டியலில் வேறு பலவும் உண்டு. ஆயினும், பெயரால் மதிக்கப்பட்டவர் ஆபத்து வேளையில் வாய் திறப்பார் என்பது நாங்கள் கண்ட உண்மை.

ஆலையாயினும், பள்ளியாயினும், அலுவலகமாயினும் இதுவே நெறி. இளையவர் அஞ்சாமல் சொல்லவும், மூத்தவர் சினவாமல் கேட்கவும் இடமிருந்தால்தான் பலர் சேர்ந்த கூட்டம் ஒரு குழுவாகும். நாளைக் காலை பணிக்குச் செல்லும்போது, நமக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைப்பவரின் பெயரைக் கேட்டறிவோமாக.