துரும்பு

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு வீட்டின் பின்தாழ்வாரத்தில் யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்று நான்கு ஆண்டுகளாக நின்றிருந்தது. 1996இல் மூடப்பட்ட மைசூர் ஐடியல் ஜாவா ஆலையின் தயாரிப்பு. நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்து இந்நகரிலேயே தங்கிவிட்ட ஒருவர் அதை முப்பது ஆண்டுகள் ஓட்டினார். ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார். திரும்பவில்லை.

அவர் மனைவி பழைய இரும்புக்காரரிடம் விலை பேசியிருந்தார். ஆய்வு மாணவியான மகள் ஒரு வாரம் தவணை கேட்டாள். ஒருமுறை வண்டி இயங்கிவிட்டால் போதும், பிறகு கொடுத்துவிடலாம் என்பது அவள் வாதம்.

"உள்ள எல்லாம் துரும்பு பிடிச்சிருக்கும் மக்களே" என்றார் தாய்.

தமிழ்நாட்டு வாசகருக்குத் துரும்பு என்றால் வைக்கோலின் சிறு துண்டு. மலையாளத்தில் அதே சொல் இரும்பின் துருவைக் குறிக்கும். அந்த வீட்டுத் தமிழில் இரண்டு பொருளும் உண்டு. எது எப்போது என்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஈழத்தமிழர் கறள் என்பர். கன்னடத்தில் துக்கு, தெலுங்கில் துப்பு. மொழியியல் படித்த மகள் இவற்றையெல்லாம் அறிவாள். பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தை உள்ளே செலுத்தியபோது, கண்ட காட்சிக்கு இவற்றில் எதுவும் போதவில்லை.

உள்சுவரில் பாதிக்குச் சற்று மேலே ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே செந்நிறத் துரு செதில்செதிலாக எழுந்திருந்தது. கீழே தகடு கருத்து, பிசுபிசுப்பாக இருந்தது. அடித்தளத்தில் மீண்டும் துரு, இம்முறை குழிகுழியாக.

காரணம் எளிது. யெஸ்டி இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எண்ணெயும் கலந்தே ஊற்றவேண்டும். நின்ற வண்டியில் பெட்ரோல் மெல்ல ஆவியாகும். எண்ணெய்ப் படலம் சுவரில் தங்கித் தகட்டைக் காக்கும். பெட்ரோல் எட்டாத மேற்பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆண்டுக்கு இருமுறை ஈரம் கொண்டுவரும் ஊரில், மூடியின் காற்றுத்துளை வழியே புகும் ஈரம் அங்கே நீராகப் படியும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. வழிந்து அடியில் தேங்கித் தளத்தையும் அரிக்கும்.

ஆக, அந்தக் கோடு கடைசியாக ஊற்றிய பெட்ரோலின் மட்டம். மகள் ஒரு குச்சியால் அளந்து தாயிடம் காட்டினாள். தாய் சற்று நேரம் பேசவில்லை. கணவர் எப்போதும் இரண்டு இரண்டு லிட்டராகத்தான் போடுவார். பாதிக்கு மேல் நிரப்புவது நாகர்கோவிலுக்குப் போவதற்கு முந்தைய நாளில் மட்டுமே.

மருத்துவமனையிலிருந்து இரண்டொரு நாளில் திரும்பி ஊருக்குப் போகலாம் என்று எண்ணியிருக்கிறார். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. துருவைக் கரைத்தால் இந்தச் சான்றும் கரைந்துபோகும். மகள் தயங்கினாள். "கழுவு" என்றார் தாய்.

பட்டறையில் வேலை பழகும் இளைஞன் கழிவறை கழுவும் அமிலத்தைப் பரிந்துரைத்தான். அரை மணி நேரத்தில் வேலை முடியும் என்றான். அங்கிருந்த முதிய ஆசான் தடுத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். கழுவிய வேகத்திலேயே புதுத் துரு பூக்கும். அவர் சொன்ன முறை பொறுமையைக் கோரியது. முதலில் சோப்புநீர். எண்ணெய்ப் பிசுக்கு போகாமல் எந்த அமிலமும் துருவைத் தொடாது. பிறகு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிச் செதில்களை உதிர்த்தல். அதன்பின் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டர் வெந்நீருக்கு ஐம்பது கிராம் வீதம் கலந்து, விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு வைத்தல்.

மூடியைத் தாய் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கொல்லையில் காய்த்துக் கிடந்த புளிஞ்சிக்காயை நசுக்கி அதில் ஊறவைத்தார். அரிவாளையும் அவர் அப்படித்தான் துலக்குவார். அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. மலையாளத்தில் அதற்கு இரும்பன்புளி என்றும் பெயருண்டு. பிலிம்பி, இலும்பி என்ற பெயர் மக்கள் வாயில் இரும்போடு ஒட்டிக்கொண்டதா, துரு போக்கும் குணத்தால் வந்த பெயரா என்று மகள் யோசித்தாள். இரும்புக்கு நல்லதான இது, அளவு மீறினால் உடலுக்கு ஆகாது. இதன் சாற்றை மிகுதியாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதான பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் கரைசலைக் கொட்டியபோது அது கட்டன்காப்பி நிறத்தில் வந்தது. ஆப்பச்சோடா கலந்த நீரால் எஞ்சிய அமிலத்தை முறித்து, உடனே உலர்த்தினார்கள். தகடு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. கோடு இல்லை. சோதிப்பதற்காக நீர் ஊற்றியபோது, அடிவிளிம்பில் ஊசிமுனைத் துளை வழியே சொட்டத் தொடங்கியது.

"துரும்புதான் அடைச்சு வச்சிருந்தது, மோளே" என்றார் ஆசான்.

"பாத்தியா, அதுல்லா தாங்கிட்டு இருந்திருக்கு" என்றார் தாய்.

துளையை ஈயம் வைத்து அடைத்தார்கள். காலி டேங்க் என்று நம்பித் தீயை அருகில் கொண்டுபோகக் கூடாது. தங்கிய பெட்ரோல் ஆவி வெடிக்கும். ஆசான் டேங்கில் நீர் நிரப்பி, துளையுள்ள விளிம்பு மேலே வரும்படி சாய்த்துவைத்து, தள்ளியிருந்த அடுப்பில் காய்ச்சிய சூட்டுக்கோலால்தான் பற்றவைத்தார். பின்னர் மீண்டும் உலர்த்தி, எண்ணெய் கலந்த பெட்ரோலால் உட்புறம் முழுவதும் நனைத்தார். கார்புரேட்டரைக் கழுவிப் பொருத்தியபின், பதினோராவது உதையில் வண்டி நீலப்புகையோடு உறுமியது.

இனி நிறுத்தி வைக்க முடியாது என்பதையும் ஆசானே சொன்னார். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று பரவிவிட்ட பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகும்போது நீரோடு பிரிந்து அடியில் தங்கும். பழைய டேங்குக்கு ஓட்டமே காப்பு. ஓட்டாத நாளில் நிறைத்து வைப்பது அடுத்த வழி.

சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்தார். தாய் அவருக்கு ஒரு பழைய சைக்கிளையும் இரண்டு பித்தளைக் குழாய்களையும் கொடுத்து அனுப்பினார். மாலையில் மகள் பெட்ரோல் போடப் புறப்பட்டபோது வாசலுக்கு வந்து நின்றார்.

"ரெண்டு லிட்டர் போதுமா அம்மா?"

"பாதிக்கு மேல போடு" என்றார்.