எஸ்டிஏ-வா, எஸ்டிபி-யா?

புது ஹார்ட் டிஸ்க் வாங்கி லினக்ஸ் போடப் போறீங்களா? முதல்ல பழைய டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி வைங்க.

நான் கழட்டலை. ரெண்டாம் வருஷ செமஸ்டர் லீவுல வீட்டு டெஸ்க்டாப்பில் உபுண்டு போட உட்கார்ந்தேன். பழசும் 500 ஜிபி, புதுசும் 500 ஜிபி. இன்ஸ்டாலர் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டைக் காட்டியது. முதலில் இருப்பதுதான் பழசு என்று நானே முடிவு பண்ணி, எஸ்டிபி-யில் புது பார்ட்டிஷன் டேபிள் எழுதச் சொன்னேன். உண்மையில் அது டிஸ்க்கின் நிரந்தரப் பெயரே இல்லை. கெர்னல் கண்டுபிடிக்கிற வரிசை, அவ்வளவுதான். அடுத்த பூட்டில் மாறலாம். மாடல் நம்பரைப் பார்த்திருக்கணும்.

போனது தாத்தா பேசின வீடியோக்கள். தாத்தா இப்போ இல்லை. அப்பா "சரி விடு"ன்னார். திட்டியிருந்தா பரவாயில்லை.

டேபிள் போனாலும் உள்ளே இருக்கும் டேட்டா உடனே அழியாது. அங்கேயே நிறுத்தியிருந்தால் டெஸ்ட்டிஸ்க்கை வைத்து மீட்க நல்ல வாய்ப்பு இருந்தது. நானோ ஃபார்மேட் பண்ணி, இன்ஸ்டாலையும் முடிச்சிட்டுத்தான் தேடினேன். ஃபோட்டோரெக் பதினோரு வீடியோவை எடுத்துக் கொடுத்தது.

இப்போ நான் பிரிக்கிறது இப்படித்தான்: இஎஃப்ஐ-க்கு 512 எம்பி, ரூட்டுக்கு 50 ஜிபி, மீதி மொத்தமும் ஹோம். ஓஎஸ்ஸை மறுபடி போடும்போது ரூட்டை மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க. ஹோமுக்கு நேரா இருக்கிற ஃபார்மேட் டிக்கைத் தொடாதீங்க.

அந்தப் பதினோரு வீடியோவும் என் ஹோமில் இருக்கு. அப்பா தனியா ஒரு பென்டிரைவிலும் வச்சிருக்கார். அதை எங்கிட்ட தரமாட்டார்.