சாவி திரும்பும் இடம்

பாய்மரப் படகுக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்போர் உண்டு. காற்றை நம்பிக் கட்டப்பட்டது அது. காற்று வீசினால் ஓடும், ஓய்ந்தால் நிற்கும். ஆயினும் இன்று கடலில் செல்லும் பெரிய பாய்மரப் படகுகள் பலவற்றின் வயிற்றில் சிறியதொரு டீசல் இயந்திரம் இருக்கிறது. துறைமுக வாயிலில் காற்று ஓய்ந்து, நீரோட்டம் படகைக் கற்குவியலை நோக்கித் தள்ளும்போது அது வேண்டும். படகிலிருந்து ஒருவர் தவறி விழுந்து, திரும்பிச் சென்று அவரைத் தூக்க வேண்டிய வேளையிலும் அது வேண்டும். மற்ற நேரமெல்லாம் உறங்கிக் கிடக்கும் பொருள்தான். ஆனால் அழைக்கும் அந்த ஒரு நொடியில் விழித்தாக வேண்டும்.

அதை விழிக்கச் செய்வது சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு சிறு பேனல். சாவித்துளை ஒன்று, எச்சரிக்கை விளக்குகள் சில, சுற்றிலும் நான்கைந்து திருகாணிகள். அவ்வளவே. அந்தப் பேனல் கழன்று ஆடினால் என்ன ஆகும் என்பதை அண்மையில் அருகிருந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

பொழிச்சலூரில் கடல் இல்லை. விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறக்கும். பக்கத்தில் அடையாறு, மழைக்காலம் தவிர்த்த நாள்களில் அடங்கிக் கிடக்கும். அந்த ஆறு 2015 டிசம்பரில் பெருக்கெடுத்தபோது, மீனவர்களின் படகுகள் சென்னைத் தெருக்களுக்குள் வந்து மக்களை ஏற்றிச் சென்றதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். பிழைப்புக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே பல. அவர்களுள் குமரிக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவர், படகுகளின் மின்பணியைத் தொழிலாகக் கொண்டவர், ஒருநாள் நம்மைத் தம்மோடு வேலையிடத்திற்கு அழைத்துச் சென்றார்.

தனியார் ஒருவருடைய பாய்மரப் படகு அது. சாவியைத் திருப்பினால் சில வேளை இயந்திரம் கிளம்பும். சில வேளை ‘டிக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும். பேனலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் திருப்பினால் கிளம்பும் என்று கண்டுபிடித்து, பல மாதங்கள் அப்படியே ஓட்டியிருந்தார்கள். ஆடிய இடத்தில் ஒட்டுநாடா சுற்றியிருந்தார்கள். இயந்திரத்தையே மாற்றிவிடலாமா என்ற பேச்சும் எழுந்திருந்தது.

“இஞ்சினுக்கு ஒரு நோயும் இல்ல சாமி. இந்தப் பேனல்தான் ஆடுது” என்றார் நம் நண்பர்.

முதலில் மின்கல இணைப்பைத் துண்டித்தார். திருகாணிகளைக் கழற்றிப் பேனலை மெல்ல வெளியே எடுத்தார். ஒவ்வோர் ஒயருக்கும் அடையாளச் சீட்டு கட்டினார். பிறகு பின்புறத்தை நமக்குக் காட்டினார். இயந்திரத்தின் அதிர்வில் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றன. தளர்ந்தபின் சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பேனலும் சேர்ந்து திரும்ப, துளைகள் பெரிதாகியிருக்கின்றன. பேனல் அசைய அசைய, பின்னாலுள்ள ஒயர்களும் இழுபட்டு, முனைகள் நெகிழ்ந்திருக்கின்றன. விளிம்பில் உண்டான மெல்லிய இடைவெளி வழியே உப்புநீர் புகுந்திருக்கிறது. செம்புக் கம்பிகளில் பச்சையாய்க் களிம்பு படர்ந்திருந்தது. களிம்பேறிய முனை வழியே மின்சாரம் முழுமையாகப் பாயாது. செல்ஃப் மோட்டாரை இயக்கும் சுருளுக்குப் போதிய வலு கிட்டாது. ‘டிக்’ என்ற ஒலி அதனால்தான்.

உயிரைப் பற்றிய அழுக்கைச் செம்பில் ஊறிய களிம்புக்கு ஒப்பிடுவது சைவ சித்தாந்த மரபு. அந்த உவமையை நாம் ஏட்டில் படித்ததுண்டு. கண்ணால் கண்டது அன்றுதான்.

இன்னும் பெரிய திருகாணியைப் போட்டு முறுக்கினால் போதாதா என்று கேட்டோம். போதாது என்றார். துளை மேலும் சிதையும். சில மாதங்களில் மீண்டும் ஆடும். மேலே பசையை அப்பி மூடிவிட்டாலோ, உள்ளே புகுந்த உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும். எனவே களிம்பேறிய முனைகளை வெட்டி நீக்கினார். ஈயம் பூசிய செம்புக் கம்பியில் புதிய முனைகளை அழுத்திப் பொருத்தினார். ஒயர்கள் தம் பாரத்தால் இணைப்பை இழுக்காதபடி, அவற்றைப் பக்கச் சுவரில் கவ்விப் பிடிக்க வைத்தார். சிதைந்த துளைகளை எப்பாக்சி கொண்டு அடைத்து, அது இறுகிய பின் மறுநாள் புதிதாய்த் துளையிட்டார். விளிம்புக்கு ரப்பர் பட்டை வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அளவில் முறுக்கினார்.

அந்த வேலைக்கு இத்தனை பொறுமை வேண்டுமா என நாம் வியந்ததை முகத்தில் கண்டுகொண்டார் போலும். தாமாகவே சொன்னார். அவர் சிறுவனாய் இருந்தபோது, வள்ளங்களில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரங்கள் புதிதாய் வந்தன. இயந்திரம் வந்ததும் பலர் பாயைக் கரையில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்படிப் போன வள்ளம் ஒன்றில் அவர் தந்தையும் சித்தப்பாவும் இருந்தார்கள். கழன்ற ஒரு கம்பியால் இயந்திரம் நின்றது. பாயும் இல்லை. இரண்டு இரவுகள் மிதந்தபின் வேறொரு படகு அவர்களைக் கண்டது. தந்தை உயிரோடு இருந்தார், சித்தப்பா இல்லை.

“இந்தப் படகுல யார் போவாங்கன்னு எனக்குத் தெரியாது சாமி. யாரோ ஒருத்தருக்குச் சித்தப்பாவா இருப்பாங்க” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

அயலாரன்பு குறித்து நாம் பல ஆண்டுகள் மறையுரை ஆற்றியிருக்கிறோம். முகமறியாத ஒருவருக்காகத் திருகாணி முறுக்கும் கையில் அந்த அன்பு எத்தகையது என்பதைக் கண்டோம். 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீன் விற்பனையோடு நில்லாமல், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது ஏன் என்பதும் அப்போது விளங்கியது.

மற்றொன்றும் அன்று கற்றோம். டீசல் இயந்திரத்தில் சாவி நெருப்பை மூட்டுவதில்லை. 1890களில் ருடால்ஃப் டீசல் வடிவமைத்த அந்த இயந்திரத்தில், காற்று கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடாகி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. சாவி செய்வதெல்லாம் அழைப்பது மட்டுமே. ஆற்றல் உள்ளே ஆயத்தமாய் இருக்கிறது. அழைப்பு அதனிடம் போய்ச் சேரவேண்டும்.

அருளடையாளங்களைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதும் இதற்கு அணித்தானதே. அருள் வழங்குவது குருவின் தகுதியன்று, கிறிஸ்துவே செயலாற்றுகிறார். அவரது ஆற்றல் ஒருபோதும் குன்றுவதில்லை. ஆனால் அது நம்மில் பலன் தருவதற்கு நம் உள்ளத்தின் நிலையும் வேண்டும். அருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். அந்த இயல்பின் திருகாணிகளைப் பேணுவது நம் பொறுப்பு.

புனித பவுலின் கடற்பயணத்தைத் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் படித்துப் பாருங்கள். புயலில் சிக்கிய கப்பலைக் கப்பலோட்டிகள் வடங்களால் வரிந்து கட்டுகிறார்கள். பின்னர், கப்பலில் எவரும் உயிரிழக்கமாட்டார் என்று வானதூதர் வழியாகப் பவுலுக்கு வாக்குறுதி கிடைக்கிறது. வாக்குறுதி கிடைத்துவிட்டதே, இனி எதற்குக் கப்பலோட்டிகள் என்று அவர் இருந்துவிடவில்லை. அவர்கள் சிறுபடகில் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என நூற்றுவர் தலைவரை எச்சரிக்கிறார். இறைவாக்கை உறுதியாய் நம்பியவரே தொழில் அறிந்த கைகளையும் கப்பலில் நிறுத்திவைத்தார். 276 பேரும் கரை சேர்ந்தனர்.

2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற கடற்படைப் பாய்மரக் கலத்தில் உலகைச் சுற்றப் புறப்பட்டுச் சென்று, 2025 மே 29ஆம் நாள் திரும்பிவந்த இரு பெண் அதிகாரிகளை இங்கே நினைக்கிறோம். ஒருவர் புதுச்சேரியின் ரூபா. மற்றவர் கோழிக்கோட்டின் தில்னா. கலத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு எவரும் இல்லை. நடுக்கடலில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் அந்த நான்கு கைகளே அதைப் பார்த்தாக வேண்டும். வீரம் என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி இத்தகைய அன்றாடக் கவனமே.

நம் இல்லங்களுக்கு வருவோம். விடியுமுன் பல்லாவரம் ரயிலைப் பிடிக்க ஒருவர் ஓடுகிறார். இரவுப் பணி முடித்து மற்றொருவர் திரும்புகிறார். “எங்கள் குடும்பத்தில் விசுவாசமே போய்விட்டது, ஃபாதர்” என்று நம்மிடம் வந்து வருந்துவோர் உண்டு. பேசிப் பார்த்தால் விசுவாசம் போகவில்லை, உள்ளே இருக்கிறது. சேர்ந்து உண்ட உணவும், சேர்ந்து சொன்ன செபமாலையும், ஒருவர் பேச மற்றவர் கேட்ட சில நிமிடங்களுமே தளர்ந்துபோயின. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இயந்திரத்தைக் கிளப்பிவிடுகிறோம். அது கிளம்புவதால் பழுது இல்லை என எண்ணிக்கொள்கிறோம். இடைவெளியில் உப்புநீர் புகுவதை எவரும் காண்பதில்லை.

ஒப்புரவு அருளடையாளம் அந்தப் பேனலைத் திறந்து பார்க்கும் வேளை. மேலே பூசி மறைக்காமல், களிம்பை வெட்டி நீக்கி, புதிய முனை பொருத்தும் வேளை. அதைக் காற்று ஓய்ந்தபின் நடுக்கடலில் செய்வது கடினம்; படகு கரையில் நிற்கும்போது செய்வது எளிது. நமக்காக மட்டுமன்று, நாம் இன்னும் அறியாத யாரோ ஒருவருக்காகவும் அதைச் செய்கிறோம். நம் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் ஓர் உறவினர், நள்ளிரவில் நம்மைத் தொலைபேசியில் அழைக்கப்போகும் ஒரு நண்பர், வெள்ளம் வரும் நாளில் நம் தெருவில் நிற்கப்போகும் ஓர் அயலார். அவர்கள் அழைக்கும் நொடியில், சாவி திரும்பியதும் நாம் விழித்தாக வேண்டும்.