அப்பாவின் 800

ஞாயிறு முழுக்க ஆற்காட்டில் எங்க வீட்டு வாசலில் அப்பாவின் மாருதி 800 ஸ்டாண்டு மேல் நின்றது. ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரிக்கு அவரை வருஷக்கணக்கில் சுமந்த வண்டி. மூணாவது கியர் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பழைய கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடி வாங்கி, நானும் தம்பியும் இறங்கிவிட்டோம்.

வடித்த ஆயிலில் பித்தளைத் தூள் மினுமினுத்தது. கியரைச் சீராக மாட்ட உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்த தூள். அப்பா அதை விரலில் தடவி வெகுநேரம் பார்த்தார்.

டிரைவ் ஷாஃப்ட்டை உருவி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை இறக்கினோம். ஏற்றுவதுதான் பாடு. கிளட்ச் பிளேட் நூலளவு விலகினாலும் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. நாலாவது முறை 'டக்' என்று உட்கார்ந்தது.

2014-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி, இன்று மூணாவது கியரில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியது.

நீங்களும் செய்யலாம். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.