தாத்தாவின் துப்பாக்கியைத் தேடி

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வாழும் என் அண்ணன் வீட்டிற்குச் சென்று வந்தேன். திரும்பியதும் ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்டது நாசா விண்வெளி மையத்தைப் பற்றித்தான். அதையும் பார்த்தேன். ஆனால் என் பேச்சில் அடிக்கடி வந்தது ஒரு துப்பாக்கிக் கடை. "டீச்சருக்கு அங்கே என்ன வேலை?" என்று தலைமையாசிரியர் சிரித்தபடி கேட்டார். சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். 1948 ஜூன் 16ஆம் நாள் அதே வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது நம் நாட்டு வரலாற்றுப் பாடத்தில் உள்ள செய்தி. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், இந்தியர்களும் இருந்தனர். தாத்தா 1950ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில் சேர்ந்தார். 'எஸ்.சி.' என்றுதான் கடைசிவரை சொல்வார். பால் வாளி தூக்கிய கையில் துப்பாக்கி வந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சி ஒரேயொரு புகைப்படம். தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக, முள்வேலிக்கு முன்னால், குட்டையான துப்பாக்கியொன்றைப் பிடித்தபடி தாத்தா நிற்பார். முகத்தில் மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது.

அந்தப் புகைப்படத்தின் பிரதியை அண்ணன் ஹூஸ்டன் வீட்டு வரவேற்பறையில் பெரிதாக்கி மாட்டியிருந்தார். "அதே துப்பாக்கி ஒன்று வாங்கப் போகிறேன். நீயும் வா" என்றார். அண்ணனுக்குத் தாத்தா என்றால் வீரர். அமெரிக்காவில் வளரும் தம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பொருள் வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கு அந்த ஆசை புரிந்தது. ஆனால் உடன்பட மனம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புகைப்படத்தில் இருப்பது லீ-என்ஃபீல்டு ரைபிளின் ஐந்தாம் எண் வகை. 'ஜங்கிள் கார்பைன்' என்பது அதற்கு வழங்கும் பட்டப்பெயர். பிரிட்டிஷ் படையின் நான்காம் எண் ரைபிள் 4 கிலோவுக்கு மேல் எடையுள்ளது; காட்டில் தூக்கித் திரியக் கடினம். அதையே குட்டையாக்கி, இரும்பைச் செதுக்கி, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 3.2 கிலோ எடையுமாகக் குறைத்ததே இந்தக் காட்டுத் துப்பாக்கி. 1944 முதல் 1947 வரை மட்டுமே இங்கிலாந்தில் செய்யப்பட்டது. எடை குறைந்ததால் உதை கூடியது. அதைத் தாங்கத் தோளில் பதியும் முனையில் ரப்பர் வைத்தார்கள். (அந்த ரப்பர் எந்த நாட்டு மரத்துப் பாலோ என்று நினைத்துக்கொண்டேன்.) குட்டைக் குழலிலிருந்து பாயும் தீ சுடுபவரின் கண்ணைக் கூசச் செய்யாதிருக்கக் குழல் முனையில் புனல் போன்ற மறைப்பு உண்டு. குறி ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது என்ற புகாரும் இதன்மேல் எழுந்தது. உலகப் போருக்குக் காலம் தாழ்ந்து வந்த இத்துப்பாக்கி, மலாயாக் காடுகளில்தான் அதிகம் அலைந்தது.

கடை, ஒரு பெரிய சாலையோரம், பல் மருத்துவமனைக்கும் கோழிக்கறி உணவகத்துக்கும் நடுவே இருந்தது. நம் ஊரில் கைப்பேசிக் கடைக்குள் நுழைவதுபோல் மக்கள் நுழைந்தனர். எனக்கோ கால் நடுங்கியது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குமரம் என்ற அவசரகாலச் சட்டத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை நான். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில்தான் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு முறையிட்டும் பயனில்லை. அக்கடையின் சுவரிலோ துப்பாக்கிகள் துடைப்பங்களைப்போல் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

கடைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். பொறுமையானவர், பாடம் நடத்தத் தெரிந்தவர். அண்ணன் கைப்பேசியில் புகைப்படத்தைக் காட்டியதும் துப்பாக்கியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். புனல் முனை, ரப்பர் அடி, குட்டை மரம், எல்லாம் புகைப்படத்தில் உள்ளபடியே. விலை 500 டாலருக்குள். அண்ணன் முகம் மலர்ந்தது.

தாத்தா எனக்குச் சொன்ன ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. துப்பாக்கியின் பின்புறம் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு ஒன்றுண்டு, போல்ட் என்பார்கள். அதன் கைப்பிடி நுனியில் ஓர் இரும்புக் குமிழ். எடையைக் குறைப்பதற்காக அந்தக் குமிழையும் விட்டுவைக்காமல் நடுவே குடைந்திருப்பார்கள். இரவுக் காவலில் பயம் வரும்போதெல்லாம் அந்தக் குழியை விரல் நுனியால் தடவிக்கொண்டே இருப்பாராம். "அண்ணா, அந்தக் குமிழில் குழி இருக்கிறதா பாருங்கள்" என்றேன். இல்லை. உருண்டையாக, முழுதாக இருந்தது.

அண்ணன் கேட்டதை மொழிபெயர்த்ததும் கடைக்காரர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ரைபிள்கள் 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கும் வரை அமெரிக்காவிற்குக் கப்பல் கப்பலாக வந்து அஞ்சல் வழியாகவே விற்கப்பட்டனவாம். காட்டுத் துப்பாக்கி என்ற பெயருக்கு மவுசு இருந்ததால் சாதாரண நான்காம் எண் ரைபிள்களை அறுத்துக் குட்டையாக்கிப் புனல் மாட்டி விற்றிருக்கிறார்கள். இதுவும் அந்த வகைதான். "சுடுவதற்கு நல்லது. ஆனால் உங்கள் தாத்தாவுடையது இதுவன்று" என்றார்.

உள்ளே போய் மற்றொன்றைக் கொண்டுவந்தார். அதன் உடலின் இடப்புறத்தில், ஐந்தாம் எண், முதல் மாதிரி என்ற குறிப்பும் 45 என்ற ஆண்டும் ஊசியால் கீறியதுபோல் பொறிக்கப்பட்டிருந்தன. மேல்மரத்தைக் கழற்றிக் குழலின் அடிப்பகுதியைக் காட்டினார். எடை குறைக்கச் செதுக்கிய பள்ளங்கள் வரிவரியாகத் தெரிந்தன. போலியில் இந்தச் செதுக்கல் இராது. குமிழிலும் குழி இருந்தது. ஆனால் மரம் புதியது, அடி ரப்பரும் புதியது. பழைய ரப்பர் கல்லாய் இறுகிவிடுமாம். இரும்புக்கும் புதுக் கருமை ஏற்றியிருந்தார்கள். போல்டில் இருந்த எண்ணும் உடலில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. அப்படி ஒத்துப்போகாதபோது, தோட்டா அமரும் இடத்தின் இடைவெளி சரியாக உள்ளதா என்று அளக்காமல் சுடக்கூடாது என்று விளக்கி, இரண்டு அளவுக் கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக் காட்டினார். ஒன்றில் போல்ட் அடைபட வேண்டும், மற்றொன்றில் அடைபடக்கூடாது. இரண்டும் அப்படியே நடந்தன. கூடுதல் குறைவு இருந்தால் போல்டின் தலையை மட்டும் மாற்றலாமாம். 0 முதல் 3 வரை எண்ணிட்டு நான்கு அளவுகளில் செய்திருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அளவை பாடம் நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது; ஆனால் எப்படிச் சொல்வது!

சேகரிப்பாளர்கள் இப்படிப் புதுப்பித்ததை விரும்புவதில்லை என்பதையும் அவரே சொன்னார். கீறலும் கறையும் போய்விட்டால் அது எங்கிருந்தது, யார் கையில் இருந்தது என்ற தடயமும் போய்விடும், மதிப்பும் குறையும். விலை 850 டாலர். அண்ணன் சம்மதித்தார்.

நான் கையை நீட்டினேன். அந்தக் குழியை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் துப்பாக்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, நான் என்ன விசாவில் வந்திருக்கிறேன் என்று கேட்டார். சுற்றுலா விசா என்றேன். சுற்றுலா விசாவில் வந்த வெளிநாட்டவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடந்தராது. கடைக்குள்ளேயே ஆனாலும் உங்கள் கையில் தர எனக்கு விருப்பமில்லை, மன்னியுங்கள் என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் தாத்தாவின் துப்பாக்கி. இந்தப் பக்கம் நான். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடையில் நான் கண்டவற்றுள் எனக்கு மிகவும் பழகியதாக இருந்தது அந்த மறுப்புத்தான்.

அண்ணன் படிவத்தை நிரப்பினார். தொடக்கத்திலேயே, இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்றொரு கேள்வி. குற்றத் தண்டனை, போதைப் பழக்கம், மனநலம் குறித்த கேள்விகள் தொடர்ந்தன. கடைக்காரர் கணினி வழியாக எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார். 1998ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாடாம். நான் ஒரு குவளை காப்பி குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பணம் கட்டினார். நீண்ட அட்டைப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

காரில் அண்ணன் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். "தாத்தா எத்தனை பேரைச் சுட்டிருப்பார்?" என்றார். அதற்குமேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

2000ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அப்போது வெளிநாட்டில். தாத்தா தைப்பிங் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஓர் இரவு துணைக்கு நான் மட்டும் இருந்தேன். அப்போதுதான் சொன்னார்.

1951 அக்டோபரில் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி கொல்லப்பட்டபின் காவல் மிகக் கடுமையாகியிருந்தது. இருட்டியபின் வேலிக்கு வெளியே யார் தென்பட்டாலும் சுடலாம். தாத்தாவின் பெட்டியில் பத்துத் தோட்டாக்கள். காலையில் ஒன்று குறைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும். அப்படியொரு இரவில் லாலான் புல் அசைந்தது. பெயர் சொல்லி மெதுவாக யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்து லயத்துக்காரன்; தாத்தாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவன். தொழிற்சங்கத்தில் இருந்தவன். 1948இல் சங்கங்களைத் தடைசெய்தபோது காட்டுக்குள் போனவன். அரிசி கேட்க வந்திருக்கிறான் என்று தாத்தா நினைத்தார். அரிசியை அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம். காட்டிலிருப்போருக்கு ஒரு பிடி கொடுத்தாலும் சிறை. அவன் அரிசி கேட்கவில்லை.

"எங்கம்மா இருக்காளாடா?" என்று கேட்டான்.

அவனுடைய அம்மா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தாத்தாவும் சேர்ந்துதான் தூக்கிப் போய்ப் புதைத்திருந்தார்.

"இருக்கா. நல்லா இருக்கா. போயிடு" என்றார் தாத்தா.

அவன் போய்விட்டான். பிறகு திரும்பி வரவேயில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தா அங்கயே உக்காந்து அழுதிருப்பான், பாப்பா. விடிஞ்சிருக்கும். என்னோட இருந்தவன் சுட்டிருப்பான், இல்லாட்டி நான் சுட வேண்டி வந்திருக்கும்" என்றார் தாத்தா. சொல்லும்போது அவருடைய ஆள்காட்டி விரல் போர்வை விளிம்பில் எதையோ தடவிக்கொண்டே இருந்தது. மேலதிகாரியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பாட்டிக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு தாத்தா காலமானார். இருபத்தைந்து ஆண்டுகளாக நானும் யாரிடமும் சொன்னதில்லை. துப்பாக்கியை வாங்க எனக்கு மனம் ஒப்பாததன் காரணம் இதுதான்.

அண்ணன் வீடு வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. வந்ததும் பெட்டியைப் பிரிக்காமலே இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். மறுநாள் சுடு களத்திற்குப் போவதாக இருந்தது, போகவில்லை. நான் புறப்படும்வரை அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. வரவேற்பறைப் புகைப்படம் அங்கேயேதான் இருந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அண்ணன் ஒரு கணம் நிற்பதைப் பார்த்தேன்.

நான் பள்ளிக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது. நேர வேறுபாட்டை மறந்து அண்ணன் அழைத்திருந்தார். முந்தைய நாள்தான் பெட்டியைத் திறந்தாராம். எண்ணெய் போட்டுத் துடைத்தாராம். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்களாம்.

"என்ன சொன்னீர்கள்?" என்றேன்.

"ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லு, அந்த அம்மாவை எங்கே புதைத்தார்கள்?"

தோட்டத்து இடுகாட்டில் என்றேன். அது இப்போது இருக்கிறதா என்று கேட்டார். லயங்களோடு அதுவும் போய்விட்டது, எல்லாம் செம்பனைதான் என்றேன். அடுத்த விடுமுறைக்கு வருகிறேன், இடத்தை மட்டுமாவது காட்டு என்றார். யாரைக் கேட்டால் தெரியும் என்று நான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தோட்டத்துப் பழைய ஆட்களில் இரண்டு பேர் இன்னும் சுங்கை சிப்புட்டில் இருக்கிறார்கள்.