மூணாவது மாடியில் ரெண்டு ராத்திரி

சென்னையில் மகன் வாடகைக்கு இருக்கிற வீடு விலைக்கு வருதாம். மேட்டுக்காடு அரை ஏக்கரை வித்து முன்பணம் கட்டலாமாப்பான்னு கேட்டான். ரெண்டு நாள் தங்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்னு கிளம்பிப் போனேன்.

வீடு மூணாவது மாடி. எதிரே தூண் மேல ரயில் ஓடுது. ஜன்னலும் தண்டவாளமும் ஒரே உயரம். சரியா அந்த இடத்துல பாதை வளையுது. ஒவ்வொரு ரயிலும் கிரீச்சுன்னு கத்திக்கிட்டேதான் திரும்புது. மகனுக்கும் மருமகளுக்கும் பழகிப்போச்சாம். எட்டு மாசப் பேரன்தான் தூக்கத்துல திடுக்கிட்டு அழறான்.

முதல் மாடியில் ரயில்வே கேங்மேனா இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கார். அவர்கிட்ட கேட்டேன்.

"உங்க மாட்டு வண்டியில ரெண்டு சக்கரமும் தனித்தனியா சுத்தும். ரயில்ல ரெண்டும் ஒரே அச்சுல இறுகியிருக்கும். அந்த அச்சும் வளைவுக்குத் தக்கபடி முழுசா திரும்பாது. சக்கரம் குறுக்கே வழுக்கும். அந்த அலறல்தான் இது"ன்னார்.

நேர்ப்பாதையில் வேகம்தான் முக்கியமாம். வேகம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 9 டெசிபல் கூடும். காதுக்கு அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பிரேக் பிடிச்சு வழுக்கின சக்கரத்துல ஒரு பக்கம் தட்டையாத் தேய்ஞ்சா டக்டக்குனு அடிக்கும். தரையில் ஜல்லி மேல போட்ட பாதை சத்தத்தைக் கொஞ்சம் குடிச்சுக்கும். காங்கிரீட் குடிக்காது, பாலமே பறை மாதிரி அதிரும். பாலத்தோட ஓரச்சுவர் கீழ் மாடிகளுக்குத் தடுப்பு. அதனாலதான் அவர் வீட்டில் சத்தம் கம்மி, நம்ம ஜன்னலுக்கு மறைப்பே இல்ல.

எனக்கு ஊர் ஞாபகம் வந்துச்சு. நம்ம வயல்ல இருந்து ரயில் பாதை மூணு கிலோமீட்டர். பகல்ல ஒண்ணும் கேக்காது. மார்கழி விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போனா பக்கத்து வரப்புல ஓடற மாதிரி கேக்கும். தரையோரம் குளிர்ந்த காத்து, மேல வெதுவெதுப்பு. சத்தம் மேல போகாம வளைஞ்சு கீழயே வந்துடுது. அந்தச் சத்தம் கேட்டா துணைக்கு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். தூரத்துச் சத்தம் துணை, தலைமாட்டுச் சத்தம் தொல்லை.

கிளம்பும்போது மகன்கிட்ட சொல்லிட்டேன்: "பின் தெருவுல, நடுவுல கட்டடம் மறைக்கிற மாதிரி ஒரு வீடு பாருடா. ரயிலுக்குப் பத்து நிமிஷம் கூட நடந்தா நடந்துட்டுப் போ. எங்கப்பா வெட்டின கிணறு இருக்கிற காடு அது. வித்தா, என் பேரன் தூங்கற வீட்டுக்குத்தான் விப்பேன்."

தேடிக்கிட்டிருக்கான். மேட்டுக்காட்டுல இந்த வருஷமும் கடலைதான் போட்டிருக்கேன்.