கோடிப்பக்கத்து அறை

திருநெல்வேலியில் கம்பஸைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளால் நடந்து போனால் உங்களுக்குத் தெரிவது முன்வீடுகள்தான். விடுதி கிடைக்காத நாங்கள் இருப்பது அவற்றுக்குப் பின்னால், கோடிப்பக்கத்தில். மதிலோடை சாய்த்து இறக்கிய தகரம், அல்லது குசினியிலிருந்து நீட்டிக் கட்டிய இரண்டு அறை. நாங்கள் அதை 'அனெக்ஸ்' எண்டு சொல்லுவம். சட்டத்துக்கு அதுவும் ஒரு கட்டடம்.

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில், புதிதாகக் கட்டுவதற்கு முதல் வரைபடம் கொடுத்து எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும். கட்டி முடிந்தபின் அமைவுச் சான்றிதழ். அது வரும்வரை அதற்குள் ஆள் குடியிருக்கக்கூடாது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடமென்றால் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து வரும். சாதாரண வீட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய ஏழரை அடி வெறுங்காணியாக விடவேண்டும் என்பதும் இந்த ஒழுங்குவிதிகளில் ஒன்று. எங்கட கட்டில்கள் கிடப்பது சரியாக அந்த ஏழரை அடிக்குள்.

சும்மா கெடுபிடிக்குப் போட்ட விதி இல்லை இது. வெளிச்சமும் காற்றும் வருகிற வழி அது. யாழ்ப்பாணத்தில் இன்னொன்றும் இருக்கிறது: கிணறு. இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குக் கீழே கிடக்கிற தண்ணியைத்தான் அள்ளிக் குடிக்கிறம். நாலு பேருக்கென்று வெட்டிய மலக்குழியை இப்போது பத்துப் பேர் பாவிக்கிறம். மதிலுக்கு அங்காலை பக்கத்து வீட்டுக் கிணறு. உரமும் மலக்குழிகளும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டுவதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்ப ஏன் அன்ரிமார் அனுமதி எடுக்கவில்லை? உறுதி அம்மம்மாவின் பெயரில், பங்குக்காரர் கனடாவில், நில அளவைப் படம் இடப்பெயர்வோடு போய்விட்டது. சீதனமாகப் பிரித்துப் பிரித்துக் காணியும் சிறுத்துவிட்டது. ஒரு பரப்பு 10 பேர்ச். பிரிக்கிற துண்டுக்குப் பொதுவாகக் கேட்பது ஆகக் குறைந்தது 6 பேர்ச். அரைப் பரப்பு வைத்திருக்கிறவ ஒரு பேர்ச்சாலே தோற்றுப்போகிறா. புருசன் இல்லாத வீட்டில் எங்கட வாடகைதான் மாதச் செலவு என்பதையும் சொல்லவேணும்.

விதி விழித்துக்கொள்வது பெரும்பாலும் எல்லை மதில் சண்டையில்தான். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டிசம் போட, உத்தியோகத்தர் வருவார். அண்டைக்கு எங்கட உடுப்புக் கொடி அவிழ்க்கப்படும், அறை 'ஸ்டோர் ரூம்' ஆகும், நாங்கள் நூலகத்தில் இருப்பம். கடதாசியில் நாங்கள் அந்த வளவுக்குள் இல்லை. இல்லாத ஆக்களுக்கு யன்னல் வேண்டுமென்று யார் கேட்கிறது?

இடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. இடித்தால் அடுத்த மாதம் எங்கே போவது? முதலில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுங்கோ, யன்னலைப் பாருங்கோ, திருத்தத் தவணை குடுங்கோ. கடதாசியைப் பிறகு பார்க்கலாம். அன்ரியிடமும் ஒரு யன்னல் கேட்டிருக்கிறம். மேசன் தைப்பொங்கலுக்குப் பிறகு வருவாராம்.